வாடகை ரயில் எஞ்சினுக்கு எந்த பெயின்ட்? சிமுலேட்டர் ரசிகர்களின் 'ரீபெயின்ட்' உலகம்

வாடகை வீட்டில் சுவருக்கு வேறு கலர் அடிக்கணும்னா ஹவுஸ் ஓனரிடம் கேட்கணும். வாடகைக்கு எடுத்த ரயில் எஞ்சினுக்கு? ட்ரெயின் சிமுலேட்டர் விளையாடுபவர்களில் ஒரு கூட்டம் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டுகிறது. யாரோ உருவாக்கிய டீசல் எஞ்சின் மாடலை எடுத்து, அதன் வடிவத்தைத் தொடாமல் மேல் பெயின்டை மட்டும் மாற்றுவதுதான் 'ரீபெயின்ட்'. முத்தியால்பேட்டை வீட்டில் ஒரு லேப்டாப், இலவச போட்டோ எடிட்டர் இருந்தாலே வேலையைத் தொடங்கிவிடலாம். சரியாக முடிப்பதுதான் கஷ்டம்.

எஞ்சின் ஏன் வாடகைக்குப் போகிறது?

நமக்குப் பக்கத்து உதாரணம், ஒய்டிஎம்4. அமெரிக்காவின் ஆல்கோ நிறுவன வடிவமைப்பில் 1960-களில் இந்தியாவுக்கு வந்து, பிறகு வாரணாசியிலேயே தயாரான மீட்டர் கேஜ் டீசல் எஞ்சின். 1992-ல் தொடங்கிய 'யூனிகேஜ்' திட்டத்தில் மீட்டர் கேஜ் பாதைகள் வரிசையாக பிராட் கேஜ் ஆகின. பாதை போய்விட்டது, எஞ்சினில் இன்னும் உயிர் இருந்தது. மலேசியாவில் ஓடுவதும் மீட்டர் கேஜ்தான், அங்கே எஞ்சின் தேவைப்பட்டது. இர்கான் நிறுவனம் வழியாக 1990-களில் ஒய்டிஎம்4-கள் அங்கே குத்தகைக்குப் போயின. 2007-ல் டான்சானியா ரயில்வேயை ரைட்ஸ் நிறுவனம் ஏற்று நடத்தியபோதும் இந்திய எஞ்சின்கள் வாடகைக்குப் போயின.

புதுச்சேரிக்கு இந்த ஏற்பாடு புதுசு இல்லை. விழுப்புரத்திலிருந்து இங்கே 1879-ல் வந்த மீட்டர் கேஜ் பாதை புதுச்சேரி ரயில்வே கம்பெனியுடையது. வண்டி ஓட்டியதோ தென்னிந்திய ரயில்வே கம்பெனி.

இதில் என்ன சிக்கல்?

சொந்த எஞ்சினுக்கு ரயில்வே தன் கலரை முழுசாக அடிக்கும். சில வருஷத்தில் திருப்பித் தரவேண்டிய எஞ்சினுக்கு அவ்வளவு செலவு செய்வார்களா? அதனால் வாடகை எஞ்சின்கள் பல நாடுகளில் அரைகுறைக் கோலத்தில்தான் ஓடும். பழைய ஓனர் பெயர் மேல் ஒரு கட்டம் பெயின்ட், அதில் புது எண், அவ்வளவுதான். அமெரிக்க ரசிகர்கள் இதை 'பேட்ச்' என்கிறார்கள். ஐரோப்பாவில் இன்னொரு வழி: அப்போது ஜப்பானின் மிட்சுயி குழுமத்தில் இருந்த எம்ஆர்சிஇ தன் எஞ்சின்களுக்குக் கறுப்பு அடித்தது. வாடகைக்கு எடுப்பவர் அதன் மேல் தன் லோகோவை ஒட்டிக்கொள்ளலாம். அடுத்த ஆள் வந்தால் ஸ்டிக்கரை உரித்தால் போதும்.

ஆக, ஒரே எஞ்சின் மூன்று வருஷத்தில் மூன்று முகத்தோடு இருக்கலாம். எந்த வருஷம் என்று முடிவு பண்ணாமல் அடிக்கும் ரீபெயின்ட் எந்த வருஷத்துக்கும் பொருந்தாது. அழகாக இருக்கும், ஆனால் தப்பாக இருக்கும்! நல்ல ரீபெயின்ட்டுக்கு முதல் தேவை கலை உணர்வு இல்லை, தேதி தெரிந்த போட்டோ. அதுவும் எஞ்சினின் இரண்டு பக்கமும் வேண்டும். ஒரு பக்கம் பேட்ச் அடித்து, மறுபக்கத்தை அப்படியே விட்ட எஞ்சினும் உண்டு.

கம்ப்யூட்டரில் எப்படி நடக்கிறது?

எஞ்சினின் தோலை உரித்து மேஜையில் விரித்த மாதிரி ஒரு படம் இருக்கும். அதற்கு 'டெக்ஸ்சர்' என்று பெயர். அதில் வரைந்தால் மாடலில் தெரியும். 2001-ல் வந்த மைக்ரோசாஃப்ட் ட்ரெயின் சிமுலேட்டரில் தொடங்கி, அதன் மாடல்களையே இன்றைக்கும் ஓட்டும் இலவச ஓப்பன் ரெயில்ஸ் வரை அடிப்படை இதுதான். வேலையை மிச்சப்படுத்த, சில மாடல்களில் ஒரே படம் இரண்டு பக்கத்துக்கும் போர்த்தப்பட்டிருக்கும். அங்கே பெயர் எழுதினால் ஒரு பக்கம் நேராகவும், மறுபக்கம் ஆம்புலன்ஸ் முகப்பில் எழுதியது போலத் திருப்பியும் தெரியும். இதைப் பெயின்டில் சரிசெய்ய முடியாது. மாடலை உருவாக்கியவரே மனசு வைக்க வேண்டும்.

புது பெயின்டில் உருவாக்கினால் எஞ்சின் ஷோரூமில் இருந்து வந்தது போல இருக்கும். நிஜத்தில் பேட்ச் அடித்த இடம் மட்டும் பளிச்சென்றும், சுற்றியுள்ள பழைய பெயின்ட் வெளிறியும் இருக்கும். புகைக்கரியையும் வெயிலையும் வரைவதற்குத்தான் ராத்திரிகள் போகின்றன.

யாரிடம் அனுமதி கேட்பது?

மாடல் இலவசம் என்பதற்காக அது பொதுச் சொத்து ஆகிவிடாது. ரீபெயின்ட்டை வெளியிட அதை உருவாக்கியவரின் சம்மதம் வேண்டும், அவர் பெயரும் உடன் போக வேண்டும். ரயில்வே லோகோக்கள் தனி விவகாரம். யூனியன் பசிபிக் தன் பெயர், சின்னங்களைப் போடும் பொம்மை ரயில் தயாரிப்பாளர்களிடம் உரிமக் கட்டணம் கேட்டு கோர்ட் வரை போனது. எம்டிஎச் நிறுவனத்துடனான வழக்கு 2006-ல் சமரசமானது. காசுக்கு விற்பதாக இருந்தால் யோசிக்க வேண்டிய இடம் இது.

காசு கொடுத்து வாங்கிய மாடலுக்கு ரீபெயின்ட் செய்பவர்கள் பொதுவாக டெக்ஸ்சர் ஃபைலை மட்டும்தான் பகிர்கிறார்கள். மூல மாடலை வாங்கியவர்தான் அதைப் போட்டு ஓட்ட முடியும். கூடவே வரும் ரீட்மீ ஃபைலில் வருஷம், எஞ்சின் எண், போட்டோ யாருடையது என்ற மூன்றும் இருந்தால் தாராளமாக டவுன்லோடு பண்ணலாம்.