இரத்தச் சோதனையும் இல்லறத்தாரும்

பேறுகாலத்திற்குத் தஞ்சை இராசா மிராசுதார் மருத்துவமனைக்குச் செல்லும் நம் பங்குப் பெண்களுள் சிலர், எச்.ஐ.வி. சோதனை என்றதும் முகம் சுளிக்கின்றனர். (கணவன்மாரின் சினமோ அதனினும் பெரிது!) அவர்கள் சாத்தூர்ச் செய்தியை அறிவது நலம்.

2018 டிசம்பரில் அவ்வூர் அரசு மருத்துவமனையில், இரத்தச் சோகையுற்ற கர்ப்பிணி ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்றிய இரத்தம் ஏற்றப்பட்டது. சிவகாசி இரத்த வங்கியிலிருந்து வந்த இரத்தம் அது. அதைக் கொடுத்த இளைஞர், வெளிநாட்டு வேலைக்கெனச் சோதித்தபோது தம் நிலையை அறிந்து, தாமே மருத்துவமனைக்குத் தெரிவித்தார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. மனம் நொந்த அவர் அம்மாதமே மாண்டார். அவரைக் குற்றவாளி என நாம் கருதவில்லை. வங்கியின் சோதனையன்றோ அதைத் தடுத்திருக்க வேண்டும்!

ஒரு பாவமும் அறியாத அத்தாய்க்குத் தொற்று உண்டென விரைவில் தெரிந்ததால் மருந்து கொடுக்கப்பட்டது. 2019 ஜனவரியில் பிறந்த குழந்தை தப்பியது. சோதனை அவமானமன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

தொற்றிய முதற்சில வாரங்களில் கிருமி சோதனைக்கும் அகப்படாதிருக்கலாம். ஆதலால் இரத்தம் கொடுப்போர் மருத்துவரின் வினாக்களுக்கு ஒளிவின்றி விடையளித்தல் கடமை. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம், சம்மதம் பெற்றே சோதிக்கவும், முடிவை மறைவாய்க் காக்கவும் பணிக்கிறது. அரசு மருத்துவமனைகளிலுள்ள நம்பிக்கை மையங்களில் இச்சோதனைக்குக் கட்டணமில்லை. கணவரும் உடன் செல்லலாம்.