தவிலடி மழுங்காமல் மாஸ்டரிங்

யாழ்ப்பாணத்தில் வீட்டு அறையிலேயே பாட்டுப் பதியும் இளையோர் கடைசியாகத் திணறும் இடம் மாஸ்டரிங். கலவை முடிந்த பாட்டின் ஒலியளவையும் சமநிலையையும் வெளியீட்டுக்கு ஏற்பச் சீராக்கும் வேலை அது.

கையில் காசு குறைவென்றால் பாண்ட்லாப் செயலி இலவசமாகவே செய்து தருகிறது. 2014இல் வந்த லாண்டர் என்ற இணையச் சேவை கட்டணத்துக்குச் செய்கிறது. இரண்டிலும் கணினியே முடிவெடுக்கும். தவில் இருந்தால் மட்டும் கவனம் வேண்டும்! கூடு மாட்டிய விரல்கள் வலந்தலையில் விழும் அந்தக் கூர்மையான அடிதான், ஒலியை நெருக்கிப் பெருக்கும்போது முதலில் மழுங்கும். அதற்கு அனுபவமுள்ள ஒலிப் பொறியாளரின் காதே நல்லது. கொழும்புக்கோ சென்னைக்கோ கோப்பை இணையத்தில் அனுப்பலாம்.

ஸ்பொட்டிஃபை வழமையாக எல்லாப் பாட்டையும் ஏறத்தாழ -14 லஃப்ஸ் (கேட்கும் ஒலியளவின் அலகு) அளவுக்குச் சமப்படுத்துகிறது. ஆகவே மிகைச் சத்தத்தால் பயனில்லை. பொறியாளருக்கு அனுப்பும் கோப்பு 24 பிட் வேவ் வடிவில், உச்சத்தில் 3 முதல் 6 டெசிபல் இடம் விட்டு இருக்கட்டும்.