அலங்காரம் இல்லாத ராம் போதும்

கம்ப்யூட்டர் கடையில் இரண்டு வகை ராம்களைப் பார்க்கலாம். ஒன்றில் அலுமினியத் தகடும் வண்ண விளக்கும் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். மற்றொன்று கறுப்புச் சிப்கள் மட்டும் உள்ள வெறும் பச்சை போர்டு. வீட்டுக்கு எதை வாங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இரண்டாவதைத்தான்.

முதல் காரணம் உயரம். டெஸ்க்டாப்பிற்கான சாதாரண டிடிஆர்4, டிடிஆர்5 ராம்களின் உயரம் சுமார் 31 மி.மீ. தகடும் விளக்கும் சேர்ந்தால் சிலவற்றில் 55 மி.மீ. வரை போகும். ராம் ஸ்லாட்டுகள் பிராசசரை ஒட்டியே இருப்பதால், பெரிய கூலர் வைத்தால் அதன் பேன் ஸ்லாட்டுகளுக்கு மேலே வந்து நிற்கும். உதாரணமாக, நாக்டுவா என்எச்-டி15 கூலரில் இரண்டு பேன்களையும் பொருத்தினால், அதன் அடியில் ராமுக்குக் கிடைப்பது 32 மி.மீ. மட்டுமே. நண்பர் ஒருவரின் கேபினட்டைத் திறந்தபோது, பேன் இடித்ததால் ஒரு ஸ்லாட் காலியாகவே கிடந்ததைப் பார்த்தேன். பின்னாளில் ராம் சேர்க்க நினைத்தால் அவர் கூலரையே மாற்ற வேண்டும்.

தகடு இல்லாவிட்டால் சூடாகாதா?

டிடிஆர்4 ராம் 1.2 வோல்ட்டிலும் டிடிஆர்5 ராம் 1.1 வோல்ட்டிலும் இயங்கும்படி நிர்ணயிக்கப்பட்டவை. இந்த அளவில் ஒரு ராம் எடுப்பது சில வாட் மின்சாரமே. கேபினட்டில் சாதாரணக் காற்றோட்டம் இருந்தால் போதும். இரவு பகலாக இயங்கும் ஒர்க்ஸ்டேஷன்களிலும் சர்வர்களிலும்கூடத் தகடு இல்லாத ராம்களையே பரவலாகக் காணலாம். வோல்ட்டேஜைக் கூட்டி ஓவர்கிளாக் செய்பவர்களுக்குத்தான் தகடு உதவும்.

வேகம்

அட்டைப் பெட்டியில் அச்சிட்டுள்ள பெரிய எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஓவர்கிளாக் ராம்களில் பயாஸுக்குள் சென்று எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ வசதியை இயக்கினால்தான் அந்த வேகம் கிடைக்கும். இயக்காவிட்டால் ராம் அதைவிடக் குறைந்த வேகத்தில் ஓடும். கூடுதலாகக் கொடுத்த பணம் வீண். அந்தப் பணத்தில் 8 ஜிபிக்குப் பதில் 16 ஜிபி வாங்க முடிந்தால், பல புரோகிராம்களை ஒன்றாகத் திறக்கும்போது வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

வாங்கும் முன்

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் கீகளை ஒருசேர அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரின் பெர்பார்மன்ஸ் பகுதியில் மெமரியைக் கிளிக் செய்தால் ராமின் அளவு, வேகம், பயன்பாட்டில் உள்ள ஸ்லாட்டுகள் ஆகியவை தெரியும். உங்கள் மதர்போர்டு டிடிஆர்4 வகையா, டிடிஆர்5 வகையா என்று அதன் மேனுவலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது நுழையாது. 16 ஜிபி வேண்டுமானால், ஒரே மாதிரி 8 ஜிபி ராம்கள் இரண்டாக வாங்குங்கள். மேனுவல் காட்டும் ஸ்லாட்டுகளில் பொருத்தினால் டூயல் சேனல் பலன் கிடைக்கும். விலை மலிவு என்று பழைய சர்வரில் கழற்றிய 'ரிஜிஸ்டர்டு' ராமை மட்டும் வாங்கிவிடாதீர்கள். வீட்டு மதர்போர்டுகளில் அது வேலை செய்யாது.

கேபினட்டை மூடிவிட்டால் ராமின் அழகு தெரியப் போவதில்லை. அதன் அளவுதான் தினமும் உங்களுக்கு உதவப் போகிறது.