தாய்ப்பலகையை மாற்றும்போது

பிள்ளைகளின் படிப்புக்கென அரும்பாடுபட்டு வாங்கிய கணனி ஓடாவிட்டால், தாய்ப்பலகை பழுதென்று உடனே முடிவுகட்டிவிடாதீர்கள். கணனியின் எல்லா உறுப்புகளையும் இணைக்கும் பலகை இது. பல வேளைகளில் பிழை, பொருத்திய முறையிலேயே இருக்கும்.

முதலில் மின்சார வயரைக் கழற்றுங்கள். நம் உடலில் தேங்கும் நிலைமின் பலகையின் சில்லுகளைக் கெடுத்துவிடும். ஆகவே பெட்டியின் வர்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டபின், பலகையை ஓரங்களில் மட்டும் பிடியுங்கள்.

பலகையின் பின்புறம் பெட்டித் தகட்டில் முட்டக் கூடாது. அதற்கென உள்ள சிறு பித்தளைத் தாங்கிகளைப் பலகையில் துளையுள்ள இடங்களுக்கு நேரே மட்டும் பூட்டுங்கள். ஒன்று மேலதிகமாக இருந்தாலும் குறுஞ்சுற்று ஏற்படலாம்.

24 முனை மின்வயருடன், செயலிக்கு அருகே 4 அல்லது 8 முனை வயரையும் இணைக்க வேண்டும். இதை மறந்தால் விசிறி சுழலும்; திரையில் ஒன்றும் வராது.

இயக்கியவுடன் டிலீற் அல்லது எஃப் 2 விசையை அழுத்தினால், பல கணனிகளில் அமைப்புத் திரை தோன்றும். திகதியைச் சரிசெய்து, நினைவகமும் வன்தட்டும் அதில் தெரிகின்றனவா எனப் பாருங்கள். மின்வயரைக் கழற்றும்போதெல்லாம் திகதி பின்னுக்குப் போகிறதா? பெரும்பாலும் நாணயம் போன்ற 3 வோற்று பற்றரிதான் முடிந்திருக்கும். அதை மாற்றினால் போதும், பலகையை வீசிவிடாதீர்கள்.