வடக்கே மஞ்சள், தெற்கே சிவப்பு

தம்பி, தங்கச்சி, வளவுத் தென்னையில் 'டொக் டொக்' என்று கேட்டால் அண்ணாந்து பார்ப்பீர்கள்தானே? அப்படிப் பார்க்கிற பிள்ளைக்குத்தான் அறிவியல் வரும். இன்று உங்களுக்கு ஒரு கேள்வி. மரங்கொத்தியின் முதுகு என்ன நிறம்?

யாழ்ப்பாணத்துப் பிள்ளை 'பொன்மஞ்சள்' என்பாள். கண்டிப் பக்கத்துப் பிள்ளை 'நல்ல சிவப்பு' என்பான். இரண்டும் சரிதான்! வவுனியாவிலோ மஞ்சளும் இருக்கும், சிவப்பும் இருக்கும், செம்மஞ்சளும் இருக்கும்.

இது எப்படி?

பொன்முதுகு மரங்கொத்தி தமிழ்நாட்டிலும் இருக்கிறது. செம்முதுகு மரங்கொத்தி இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லை. மன்னார், வவுனியா, திருகோணமலைப் பக்கத்தில் இரண்டும் சந்திக்கின்றன, சோடி சேர்கின்றன. உங்கள் வர்ணப்பெட்டியில் மஞ்சளோடு சிவப்பைக் குழைத்தால் என்ன வரும்? அதே நிறந்தான் குஞ்சுகளுக்கும்.

கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சம்பத் செனவிரத்ன குழுவினர் இந்தப் பறவைகளின் இறகையும் மரபணுவையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். செம்முதுகு மரங்கொத்தி தனி இனந்தான் என்று 2016இல் எழுதினார்கள். ஆனாலும் வடக்கில் இரண்டும் கலக்கின்றன என்பதையும் கண்டார்கள். தனி இனம் என்றால் கலக்கவே கலக்காது என்று நினைத்தீர்களா? இயற்கை அவ்வளவு கறாராகக் கோடு போடுவதில்லை.

இன்னொன்று கேளுங்கள். பறவை தன் உடம்பில் மஞ்சள் நிறத்தைத் தானாக உண்டாக்காது. அது சாப்பாட்டிலிருந்துதான் வருகிறது. சில பறவைகளின் உடம்பு அந்த மஞ்சளைச் சிவப்பாக மாற்றிவிடும். அந்த வல்லமை பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும். விளங்குகிறதா? விளங்காவிட்டால் இந்தப் பகுதியை மறுபடி படியுங்கள், அவசரமில்லை.

இப்போது பறவையைக் கிட்டப் பார்ப்போம். நகத்தால் மரத்தைப் பற்றுகிறது. விறைத்த வாலை மரத்தில் ஊன்றிக்கொள்கிறது. பட்டையைக் கொத்திப் பெயர்த்து, நீண்ட நாக்கை விட்டு எறும்பையும் புழுவையும் எடுக்கிறது. அந்த நாக்கைத் தாங்கும் மெல்லெலும்பு மண்டையின் பின்பக்கமாகச் சுற்றி மேலே ஏறுகிறது!

இவ்வளவு கொத்தியும் தலை வலிக்காதா? மண்டையோடு அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். வேகமாகப் படம் பிடித்துப் பார்த்த ஆய்வாளர்கள் அப்படி இல்லை என்று 2022இல் காட்டினார்கள். தலை முழுவதும் ஒரே கட்டியாகத்தான் மோதுகிறது. மூளை சிறியதாக இருப்பதால் காயப்படுவதில்லை.

மரமே இல்லாத இடத்தில் மரங்கொத்தி வாழுமா? வாழும். தென்னாப்பிரிக்காவின் கல்மலைச் சரிவுகளில் தரை மரங்கொத்தி இருக்கிறது. பாறைகளுக்கு இடையே தத்தித் திரிந்து எறும்பு தின்னும். மண்கரையைக் குடைந்து முட்டையிடும். இடத்துக்கு ஏற்ற பிழைப்பு!

நம்முடைய மரங்கொத்திக்கு மரம் வேண்டும். பட்ட மரமும் மொட்டைப் பனையும் நமக்கு விறகு, அதற்கோ வீடு. அது விட்டுப்போன பொந்தில் மைனாவும் கிளியும் குடியேறும். ஆகவே வளவில் ஒரு பட்ட மரம் ஆபத்தில்லாமல் நின்றால், அதை அப்படியே விடச் சொல்லி அப்பாவிடம் கேளுங்கள்.

இனி உங்கள் வேலை. ஒரு கொப்பி எடுங்கள். மரங்கொத்தியைக் கண்டால் திகதி, ஊர், மரம், முதுகு நிறம் எல்லாவற்றையும் எழுதுங்கள். உச்சந்தலை முழுக்கச் சிவப்பென்றால் ஆண். முன்பக்கம் கறுப்பில் வெள்ளைப் புள்ளி என்றால் பெண். பொந்துக்குக் கிட்டப் போகாதீர்கள், கல் எறியாதீர்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பிள்ளைகள் கொப்பிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த ஊரில் மஞ்சள் குறைகிறது, எந்த ஊரில் சிவப்புக் கூடுகிறது என்று நீங்களே சொல்வீர்கள்.