காவற்பொருளின் ஆயுளும் விரைவுச் சோதனையும்

மின்வடம், மின்மாற்றி, மின்பிறப்பாக்கி ஆகியவற்றில் மின்சாரம் ஓடுங் கம்பியைச் சூழ்ந்து, அது வழிதவறாது காப்பது காவற்பொருளாகும். கறையான் உள்ளே அரித்த மரம் வெளியே திண்ணிதாய்த் தோன்றுதல்போல, இக்காவலும் புறத்தே பழுதின்றியிருந்து அகத்தே நைந்துபோதல் உண்டு. அதற்குரிய காரணங்களுள் ஒன்று பகுதி மின்னிறக்கம்.

பொலித்தீன் காவலினுள் தட்டையான வாயுக்குமிழியொன்று அகப்பட்டுள்ளதெனக் கொள்வோம். பொலித்தீனின் மின்னுழைய மாறிலி ஏறத்தாழ 2.3, வாயுவினது ஏறத்தாழ 1. ஆகவே, குமிழியினுள் மின்புலம் சூழ்ந்துள்ள திண்மத்திலும் 2.3 மடங்காகும். வாயுவோ திண்மத்தினும் எளிதில் முறிவது. எனவே குமிழியினுள் சிறு பொறி தோன்றி மறையும். காவல் முழுவதும் முறியாமையின் இது 'பகுதி' எனப்பட்டது. செக்கனுக்கு 50 சுற்றுடைய மின்னோட்டத்தில், அரைச்சுற்றுக்கு ஒன்றாக நிகழினும் நாளொன்றுக்கு 8,640,000 பொறிகளாம். எலத்திரன்களும் அயன்களும் குமிழியின் சுவரைத் தாக்கும். காற்றிலிருந்து உண்டாகும் ஓசோன் அதனை அரிக்கும். நாளடைவில் மரக்கிளைபோற் பிரியும் நுண்துளைகள் பரவி, ஈற்றில் காவல் முற்றாய் முறியும்.

இக்கேடு முற்றப் பல்லாண்டு செல்லலாம். அத்துணைக் காலம் காத்திருத்தல் இயலாமையின் பொறியியலார் இருவழிகளைக் கையாள்வர். மீடிறனைப் பத்துமடங்காக்கிப் பொறிகளின் தொகையைப் பெருக்குதல் ஒன்று. மின்னழுத்தத்தை உயர்த்துதல் மற்றொன்று.

ஆயுள் மின்னழுத்தத்தின் ஓர் அடுக்கிற்கு நேர்மாறு விகிதசமமானது என்பது வழக்கிலுள்ள விதி. அடுக்கு 10 எனின், அழுத்தம் இருமடங்காக ஆயுள் 1,024இல் ஒரு பங்காகும். 20 ஆண்டு, அஃதாவது 175,200 மணித்தியாலம், நிலைக்கக்கூடிய காவல் சோதனையில் 171 மணித்தியாலத்தில், ஏறத்தாழ ஏழு நாளில், முறியும். ஆயின் அடுக்கு உண்மையில் 9 எனின், அதே ஏழு நாள் குறிப்பது 10 ஆண்டேயாம். அடுக்கில் ஒன்று பிழைப்பின் ஆயுளிற் பாதி பொய்யாகின்றது.

ஆதலின் பல அழுத்தங்களிற் சோதித்தே அடுக்கைத் துணிதல் வேண்டும். ஒரே வகை மாதிரிகளும் ஒரே நேரத்தில் முறிவதில்லை. ஆகவே ஒவ்வோர் அழுத்தத்திலும் பல மாதிரிகளை வைத்து, 1951இல் வைபுல் விரித்துரைத்த பரம்பல் முதலியவற்றால் முடிவுகளை ஆராய்வர்.

இவற்றினும் முதன்மையானது, முறிவின் காரணம் மாறாதிருத்தல். அழுத்தமும் மீடிறனும் மிகின், பொறியாலன்றி வெப்பத்தாற் காவல் அழியக்கூடும். பொறி தோன்றும் எல்லைக்குக் கீழே இவ்விதியை நீட்டுதலும் பொருந்தாது. இந்நிலையில், ஆண்டுகளை அறுதியிட்டுக் கூறுவதினும், பொருள்களை ஒரே நிபந்தனையில் ஒப்பிட்டுத் தரங்காண்பதே இச்சோதனையின் உறுதியான பயனாகும். பொறியைத் தாங்குவதிற் சிறந்த மைக்கா, பெரிய மின்பிறப்பாக்கிகளின் உயரழுத்தச் சுருள்களிற் காவலாய் அமைந்திருத்தல் அத்தகைய தரங்காணலின் இன்றியமையாமையை உணர்த்தும்.