உங்களுக்குத் தெரியுமா? நோய் தந்த ஆய்வுக் கருவி

● லூபஸ் நோயாளிகளின் உடல், தன் செல்களின் உட்கருவில் உள்ள புரதங்களையே பகையாக எண்ணி எதிர்ப்பொருள்களை உண்டாக்குகிறது. அவற்றில் ஒன்று ‘எஸ்.எம்.’ புரதங்களைப் பற்றிக்கொள்ளும்.

● 1979இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் லெர்னரும் ஜோன் ஸ்டைட்ஸும் இந்த நோயாளிகளின் சீரத்தையே தூண்டிலாக்கினர். புரதங்களோடு சேர்ந்து சிக்கியவை, சின்னஞ்சிறு ஆர்.என்.ஏ.க்கள்!

● மரபணுவின் ஆர்.என்.ஏ. நகலில் ‘இன்ட்ரான்’ பகுதிகளை வெட்டி நீக்கி, மீதியை ஒட்டும் பணியில் இந்தப் புரத–ஆர்.என்.ஏ. கூட்டணிக்குப் பங்கு உண்டு என்பது பின்னர் உறுதியானது.

● 1981இல் சுண்டெலி செல்களிலிருந்து ‘ஒய்12’ என்ற எதிர்ப்பொருள் உருவானது. எஸ்.எம். புரதங்களைக் கண்டறிய ஆய்வகங்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகின்றன.

● ரத்தத்தில் எஸ்.எம். எதிர்ப்பொருள் இருப்பது, லூபஸ் நோயைக் கண்டறிய மருத்துவர்களுக்கு உதவும் முக்கியச் சான்றுகளுள் ஒன்று.